மொய் நோட்டைக் காட்டுங்கள்



நம் ஊர்க் கல்யாணத்தில் மண்டபத்தின் ஓரமாக ஒரு மேசை போட்டிருப்பார்கள். ஒருவர் பணத்தை எண்ணி வாங்குவார். பக்கத்தில் இருப்பவர் ஊர், பெயர், தொகை என்று நோட்டில் எழுதுவார். அந்த நோட்டு வருஷக்கணக்கில் பீரோவில் இருக்கும். ஏனென்றால் மொய் என்பது திரும்பச் செய்ய வேண்டிய கடன். ஆனால் நாலுபேர் அறியச் செய்கிற கடன்.

அரசியல் கட்சிக்குப் பெரிய நிறுவனம் கொடுக்கும் நிதியும் மொய்தான். கொடுத்தவர் எல்லோரும் கைம்மாறு கேட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. கேட்டால், அதை எதிலிருந்து செய்வார்கள்? டெண்டர், சுரங்க உரிமம், வரிச்சலுகை. எல்லாம் நம் பொதுச் சொத்து! கடனை அடைப்பவர்கள் நாம் என்றால், நோட்டைப் பார்க்கும் உரிமை நமக்கு உண்டா, இல்லையா?

அந்த நோட்டைத்தான் தேர்தல் பத்திரத் திட்டம் மூடி வைத்தது. 2018 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. கட்சிக்கு நிதியாகக் கொடுக்க ஆயிரம் ரூபாய் முதல் ஒரு கோடி ரூபாய் மதிப்பு வரையிலான பத்திரங்களை வாங்க முடிந்தது. விற்கும் உரிமை பாரத ஸ்டேட் வங்கிக்கு மட்டும் இருந்தது. பத்திரத்தில் கொடுத்தவர் பெயர் இருக்கவில்லை. கட்சியும் அந்தப் பெயரைத் தேர்தல் ஆணையத்திடம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் ஏழரை சதவீதத்துக்கு மேல் நிறுவனங்கள் கொடுக்கக்கூடாது என்றிருந்த வரம்பையும் 2017இலேயே எடுத்துவிட்டார்கள். நட்டத்தில் ஓடும் நிறுவனமும் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்றானது. வாங்கியவர் யாரென்று வங்கிக்குத் தெரிந்தது. ஓட்டுப்போடும் நமக்குத் தெரியவில்லை.

2024 பிப்ரவரி 15. உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு ஒருமனதாகத் தீர்ப்பளித்தது: இந்தத் திட்டம் அரசியல் சாசனத்துக்கு விரோதம், வாக்காளரின் அறியும் உரிமையை மீறுகிறது. பத்திர விவரங்களைத் தர உத்தரவிடப்பட்ட வங்கி ஜூன் 30 வரை அவகாசம் கேட்டது. நீதிமன்றம் மறுத்தது. நாளைக்கே கொடு என்றது. கொடுத்தார்கள்! 2019 ஏப்ரல் முதல் வாங்கப்பட்டவை 22,217 பத்திரங்கள். யார் வாங்கினார், எந்தக் கட்சி மாற்றியது என்று நாடே படித்தது.

ஆனால் இதற்கான சட்டத் திருத்தங்களை எதிர்த்து வழக்கு தொடுத்தது 2017இல். தீர்ப்பு வரும் முன்பே ஒரு நாடாளுமன்றத் தேர்தல் நடந்து முடிந்துவிட்டது. அன்று ஓட்டுப்போட்டவர்கள் கணக்குத் தெரியாமலே போட்டார்கள். அந்த இழப்பை எந்தத் தீர்ப்பும் ஈடுசெய்யாது.

நண்பர்களே, இன்றும் நோட்டு முழுதாகத் திறக்கவில்லை. ஒருவர் ஆண்டுக்கு 20,000 ரூபாய்க்குள் கொடுத்தால், அவர் பெயரைக் கட்சி ஆணையத்திடம் தெரிவிக்க வேண்டியதில்லை. வேட்பாளரின் செலவுக்கு உச்சவரம்பு உண்டு. கட்சியின் செலவுக்கு இல்லை.

மலைத்துப்போக வேண்டாம். 1996இல் ராஜஸ்தானின் பியாவர் நகரில், கூலி வேலை செய்கிற பெண்களும் விவசாயிகளும் நாற்பது நாள் தெருவில் உட்கார்ந்தார்கள். எங்கள் பணம், எங்கள் கணக்கு என்றார்கள். தங்கள் ஊர் வேலைக்கான பில்லையும் வருகைப் பதிவேட்டையும் கேட்டவர்கள் அவர்கள். அடுத்த ஆண்டே தமிழ்நாடு தகவல் அறியும் உரிமைச் சட்டம் இயற்றியது. 2005இல் மத்தியச் சட்டமும் வந்தது. பள்ளிப் படிப்பு இல்லாதவர்கள் கேட்ட கேள்விதான் படித்த நமக்கெல்லாம் சட்டமாகிக் கையில் இருக்கிறது.

ஆகஸ்ட் 15 அன்று கிராம சபை கூடும். அங்கே போய் உட்காருங்கள். குளம் வெட்டிய கணக்கு, தெருவிளக்குக் கணக்கு வாசிக்கும்போது எழுந்து கேளுங்கள். ஓட்டுக்குப் பணம் நீட்டினால் வாங்காதீர்கள். வாங்கிய கை கணக்குக் கேட்கக் கூசும். ஊராட்சியில் கேட்டுப் பழகிய குரல்தான் நாளை கட்சிகளைப் பார்த்தும் கேட்கும்: மொய் நோட்டைக் காட்டுங்கள்!