இரண்டு நாள் மும்பை, ஆறு வேளைச் சாப்பாடு

(நம் சங்கத்தின் ஆண்டுக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

என்னோடு விடுதி மெஸ்ஸில் சாம்பார் வாளிக்குச் சண்டை போட்ட நண்பர்களே, இன்றைக்கும் அதே வாளிக்குச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிற மாணவச் செல்வங்களே!

வாழ்க்கையில் முன்னேறுவது எப்படி என்கிற மாதிரி ஏதாவது பேசுங்கள் என்றுதான் செயலாளர் என்னிடம் கேட்டார். அதைப் பேசத் தகுதியானவர்கள் முன்வரிசையிலேயே நாலு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் முப்பது வருஷம் பம்பு விற்றவன். மாதம் ஒரு தடவை மும்பை போவேன். போனால் இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று நாள். ஆகவே எனக்கு நிச்சயமாகத் தெரிந்த விஷயம் ஒன்றுதான். இரண்டு நாளைக்கு மும்பை போகிறவன் எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது என்பது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இதில் ஒரு காரியம் இருக்கிறது. இறுதியாண்டு மாணவர்கள் டிசம்பரில் மும்பைப் பக்கம் தொழிற்சாலைகளைப் பார்க்கப் போகிறார்கள். அவர்களின் சாப்பாட்டுச் செலவை நம் சங்கம் கொடுக்கிறது. அதை எந்த முறையில் கொடுப்பது என்று இன்று மாலைப் பொதுக்குழுவில் தீர்மானம் வருகிறது. கையைத் தூக்குவதற்கு முன்னால் பத்து நிமிஷம் நான் சொல்வதைக் கேட்டுவிடுங்கள்.

இப்போது என்ன நடக்கிறது? பஸ் ஏற்பாடு செய்கிறவரே சாப்பாட்டையும் பேசி முடித்துவிடுகிறார். நெடுஞ்சாலையில், பஸ்ஸை நிறுத்தத் தோதான ஒரு பெரிய ஓட்டல். தலைக்கு இவ்வளவு என்று கணக்கு. போன முறை போய்வந்த ஒரு பையனிடம் கேட்டேன்: "மும்பையில என்னப்பா சாப்பிட்டீங்க?"

"பன்னீர் சார்."

"ரெண்டு நாளுமா?"

"ஆமா சார். கலர் மட்டும் மாறிச்சு."

அந்தப் பன்னீரை நம் கல்லூரி வாசலிலேயே வாங்கிக் கொடுத்திருக்கலாம். அதற்கு ஒரு நாள் ரயிலில் போக வேண்டியதில்லை.

நான் அந்த ஊரில் முதன்முதலாக இறங்கியது 1986-ல், ஒரு இன்டர்வியூவுக்கு. அப்போது பம்பாய், மும்பை என்று பெயர் மாறியது 1995-ல். திரும்பும் செலவை எடுத்து வைத்தது போக, கையில் இருந்த பணத்தைத் தெருமுனையில் நின்று மூன்று தடவை எண்ணினேன். எந்த ஓட்டலைப் பார்த்தாலும் கண்ணாடிக் கதவு. உள்ளே என்ன விலையோ, உட்கார்ந்த பிறகு எழுந்து வர முடியுமோ முடியாதோ! நம்மில் எத்தனை பேருக்கு இந்தப் பயம் இருந்தது என்று கை தூக்கச் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியும்.

அன்றைக்கு ஒருவர் கை காட்டி அனுப்பிய இடம் மாதுங்கா. மத்திய ரயில்வே ஸ்டேஷனை ஒட்டி உடுப்பி ஸ்ரீகிருஷ்ணா போர்டிங். ஏ. ராமநாயக் 1942-ல் ஆரம்பித்தது. முதலில் பணம் கட்டிக் கூப்பன் வாங்க வேண்டும். எனக்கு அந்தக் கூப்பன்தான் பெரிய விஷயமாகப் பட்டது. பணம் போயாச்சு, இனி யாரும் வந்து எதுவும் கேட்கப் போவதில்லை. வாழை இலையில் சோறு, ரசம், மோர். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் பெரிய அதிகாரி மாதிரி இருந்தார். அவருக்கும் அதே இலை, அதே ரசம். பெஞ்சில் வரிசையாகக் காத்திருந்து இடம் பிடிக்க வேண்டும். யார் வந்தாலும் அப்படித்தான்.

ஆகவே முதல் தடவை போகிற மாணவனுக்கு நான் சொல்வது: விலை வெளியே தெரிகிற இடத்துக்குப் போ. பலகையில் எழுதியிருக்கும், இல்லை கூப்பன் இருக்கும். ருசியை அப்புறம் பார்க்கலாம். பயந்துகொண்டே தின்பவனுக்கு எந்த ருசியும் தெரியாது.

மாதுங்காவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1896-ல் பம்பாயில் பிளேக் வந்து ஜனங்கள் செத்து விழுந்தார்கள். அதன் பிறகு 1898-ல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் ஏற்பட்டு, நெரிசலைக் குறைக்கத் தாதர், மாதுங்கா பக்கமெல்லாம் திட்டமிட்டுத் தெருக்கள் போட்டார்கள். குமாஸ்தா வேலைக்கும் ஸ்டெனோ வேலைக்கும் வந்த நம்மவர்கள் அங்கே குடியேறினார்கள். தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932-ல் அங்கேதான் தொடங்கியது. ஆள் வந்தால் இட்லி வராமல் இருக்குமா? ராம் ஆஷ்ரயா 1939, கஃபே மெட்ராஸ் 1940. இரண்டும் இன்றைக்கும் ஜேஜே என்று நடக்கின்றன. விடியற்காலையில் ரயிலை விட்டுத் தாதரில் இறங்கினால், மாதுங்கா அடுத்த ஸ்டேஷன். ராம் ஆஷ்ரயாவில் அந்த நேரத்துக்கே அடுப்பு எரியும்.

"இட்லி சாப்பிடவா மும்பை போகிறோம்?" என்று ஒருவர் பின்னாலிருந்து கேட்கிறார். நியாயம். ஒரு வேளை போதும் என்பதுதான் என் கட்சியும். ராத்திரி முழுக்க ரயிலில் வந்த வயிற்றுக்கு முதல் வேளை பழக்கப்பட்ட சாப்பாடு. அதற்கு மேல் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தால் ஊரைப் பார்த்ததாகாது.

இன்னொரு இட்லியும் இருக்கிறது. காலையில் தெருவில் சைக்கிளில் பாத்திரம் கட்டி, பாம் பாம் என்று ஹாரன் அடித்துக்கொண்டு வருவார்களே, அந்த இட்லி. தாராவியில் தமிழ்க் குடும்பங்கள் நடுராத்திரிக்கு மேல் எழுந்து அவித்தது. பல பேருக்குப் பூர்வீகம் திருநெல்வேலிச் சீமை. அவர்களிடம் தமிழில் ஒரு வார்த்தை பேசிப் பாருங்கள், சட்னி தானாகக் கூடும். நம் பிள்ளைகள் அந்த ஊரைத் தெரிந்துகொள்ள அதைவிட நல்ல வாத்தியார் கிடைக்க மாட்டார்.

அடுத்து, ரயில். மும்பையில் ஓட்டலைத் தேர்ந்தெடுப்பது நாக்கு இல்லை, லோக்கல் ரயில்தான். காலையில் ஜனம் முழுக்கத் தெற்கே, சர்ச்கேட்டுக்கும் பழைய வி.டி.க்கும் போகும். சாயங்காலம் முழுக்க வடக்கே திரும்பும். அந்த வெள்ளத்துக்கு எதிர்த்திசையில் சாப்பாட்டை வைத்துக்கொண்டால் உட்கார இடம் கிடைக்கும். கூடவே போனால் தொங்க வேண்டும். சென்னையிலிருந்து வந்த ஒரு நண்பர், பத்திரிகையில் படித்தேன் என்று புறநகரில் ஒரு ஓட்டலுக்குக் கோட்டைப் பகுதியிலிருந்து இரண்டு மணி நேரம் போனார். போய்ச் சேர்ந்தபோது மணி நாலு. மதியச் சமையல் முடிந்து அடுப்பை அணைத்துவிட்டார்கள். கறிவேப்பிலை வாசம் மட்டும் கிடைத்தது என்றார். வேலை எங்கேயோ, சாப்பாடும் அங்கே. 2025 அக்டோபரிலிருந்து ஆரேயிலிருந்து கஃப் பரேடு வரை பூமிக்கடியில் மெட்ரோ முழுசாக ஓடுகிறது. அதனால் கணக்குக் கொஞ்சம் மாறியிருக்கிறது. ஆனாலும் இரண்டு நாள் ஆசாமிக்கு நேரம்தான் ரூபாய்.

கோட்டைப் பகுதியில் வேலை என்றால் பல்லார்ட் எஸ்டேட்டில் பிரிட்டானியா. 1923-ல் ஆரம்பித்த இரானிக் கடை. இந்த இரானிகள் பாரசீகத்திலிருந்து பிற்காலத்தில் வந்த ஜொராஸ்டிரியர்கள். தெருமுனைகளில் டீக்கடை வைத்தார்கள். பளிங்கு மேஜை, வளைந்த மர நாற்காலி. ஒரு காலத்தில் நூற்றுக்கணக்கில் இருந்தவை, இப்போது மிகச் சில. பிரிட்டானியாவில் பெர்ரி புலாவ் சாப்பிட வேண்டும். அதில் தூவுகிற புளிப்பான சின்னச் சிவப்புப் பழம் இரானிலிருந்து வருகிறது. முதலாளி போமன் கோஹினூர் தொண்ணூறு வயசைத் தாண்டியும் மேஜை மேஜையாக வந்து தானே ஆர்டர் எழுதுவார். 2019-ல், 97-வது வயதில் காலமானார். அவரிடம் ஆர்டர் கொடுத்தவன் என்று நான் இன்னமும் பெருமை அடித்துக்கொள்வேன். மாணவர்களுக்கு ஒரு சங்கதி: அங்கே விலை நம் விடுதி விலை இல்லை. ஒரு தட்டை இரண்டு பேர் பங்கு போடலாம், தட்டு பெரிசு. காசு இன்னும் குறைவு என்றால் மெரைன் லைன்ஸ் பக்கம் 1904-ஆம் வருஷத்துக் கயானி இருக்கிறது. பன் மஸ்கா, ஒரு இரானி டீ. வெண்ணெய் தடவிய பன்னை டீயில் முக்க வேண்டும். யாராவது பார்க்கிறார்களா என்று பார்க்காதீர்கள், எல்லாரும் முக்குகிறார்கள்.

சைவம் மட்டும் என்கிறவர்களுக்குக் காளபாதேவியில் தாக்கர் போஜனாலயம், 1945-லிருந்து. குஜராத்தித் தாளி. பருப்பு தித்திக்கும்; யாரோ தெரியாமல் சர்க்கரை போட்டுவிட்டார்கள் என்று எண்ண வேண்டாம், அதன் சமையல் அப்படி. நீங்கள் "பஸ்" என்று சொல்லிக் கையை மறைக்கும் வரை பரிமாறுகிறவர் நிறுத்த மாட்டார். மத்தியானம் மூன்று மணிக்குத் தொழிற்சாலை பார்க்க வேண்டியவர்கள் இங்கே போகாமல் இருப்பது நல்லது.

மீன் பிரியர்கள் மால்வண், மங்களூர்ச் சமையல் கிடைக்கிற இடங்களைக் கேட்டுப் போகலாம். பொம்பில் வறுவலும், கோகமும் தேங்காய்ப் பாலும் சேர்ந்த சோல்கடியும் விட்டுவிடக் கூடாதவை. ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை அந்தக் கடலில் விசைப்படகுக்குத் தடை. அந்த 61 நாளில் போகிற நண்பர்கள் மீன் எங்கிருந்து வந்தது என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உட்காரலாம்.

தெருக்கடைகள் விஷயத்தில்தான் ஆசிரியர்களுக்குக் கவலை. கவலை நியாயமானதுதான். என்னோடு இன்டர்வியூவுக்கு வந்த நம் வகுப்பு நண்பன், முதல் நாள் சாயங்காலம் கடற்கரையில் பானிபூரி சாப்பிட்டான். மறுநாள் காலை பத்து மணிக்கு அவன் பெயரைக் கூப்பிட்டபோது அவன் லாட்ஜ் குளியலறையில் இருந்தான். அந்த வேலை போயிற்று. அதை அவன் வீட்டில் சொன்ன விதமே வேறு. "இந்தி தெரியாததால் எடுக்கவில்லை" என்று அவன் அப்பா கடைசி வரை நம்பினார். மூன்று வருஷம் டியூஷன் எடுத்துப் பிழைத்து, அப்புறம் தலை தூக்கினான். இன்று அவன் இங்கே வந்திருக்கிறான், அனுமதி வாங்கிக்கொண்டுதான் சொல்கிறேன்.

ஆகவே வேலை முடிகிற வரைக்கும் தண்ணீர் கலந்த பதார்த்தம் வேண்டாம். கண்ணெதிரே எண்ணெயிலிருந்து எடுத்துக் கொடுப்பது எவ்வளவோ மேல். வடாபாவ் அப்படிப்பட்டது. 1966-ல் தாதர் ஸ்டேஷன் வாசலில் அசோக் வைத்யா என்பவர் ஆரம்பித்தது என்பார்கள். பாவ் ரொட்டி போர்ச்சுகீசியர் கொண்டுவந்தது, உருளைக்கிழங்கு வடை மராத்தியர் கை, நடுவில் காரமான பூண்டுப் பொடி. 1982-ல் பஞ்சாலை வேலைநிறுத்தம் வந்து லட்சக்கணக்கான தொழிலாளிகள் வேலை இழந்தபோது, அதில் எத்தனையோ பேர் வடாபாவ் வண்டி போட்டுத்தான் குடும்பத்தைக் காப்பாற்றினார்கள். பஞ்சாலையைப் பற்றிப் பாடத்தில் படிக்கிற பிள்ளைகள் அந்த வண்டி முன்னால் ஒரு பத்து நிமிஷம் நிற்கட்டும் என்கிறேன்.

இப்போதைய மாணவர்கள் கையில் போன் இருக்கிறது. நட்சத்திரத்தைப் பார்த்துப் போகிறீர்கள். பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த நட்சத்திரத்தைப் போட்டவர் பிறந்தநாள் கொண்டாடப் போனவராக இருப்பார். நீங்கள் பசிக்குப் போகிறீர்கள். நான் கண்ட வழி வேறு. யாரைப் பார்க்கப் போயிருக்கிறோமோ, அவரிடம் "நல்ல ஓட்டல் எது?" என்று கேட்கவே கூடாது. நம்மைக் கௌரவிக்கிற எண்ணத்தில் விலை கூடின இடத்தைச் சொல்லிவிடுவார். அதற்குப் பதிலாக, "நேத்து மத்தியானம் நீங்க எங்கே சாப்பிட்டீங்க?" என்று கேளுங்கள். பாதிப் பேர் "வீட்டு டப்பா" என்பார்கள். மீதிப் பேர் சொல்கிற இடம் தப்பாது. அப்படிக் கேட்டு ஒரு வாடிக்கையாளர் என்னைத் தன் மேஜையிலேயே உட்கார வைத்து டப்பாவைப் பாதி பங்கிட்டார். பாக்ரியும் கத்தரிக்காயும். பம்பு ஆர்டர் அந்த மாதம் கிடைக்கவில்லை, ஆள் கிடைத்தார்.

இனி தீர்மானத்துக்கு வருகிறேன். ஒரு வேளை மட்டும் எல்லாரும் சேர்ந்து, மாதுங்காவில் இலை போட்டுச் சாப்பிடட்டும். மீதி வேளைகளுக்குப் பணத்தை மாணவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள். ஐந்து பேர் ஒரு குழு. சைவம், அசைவம் அவர்களுக்குள் பேசிக்கொள்ளட்டும். போவதற்கு முன்னால் எங்கே, ஏன் என்று ஒரு தாளில் எழுதி ஆசிரியரிடம் கொடுக்க வேண்டும். பிள்ளைகள் காணாமல் போய்விடுவார்கள் என்று துணைத்தலைவர் சொல்கிறார். அடுத்த வருஷம் இவர்களைத் தனியாக வேலைக்கு அனுப்பப் போகிறோமே சார், அப்போது யார் கூடப் போவது? என் கவலை, ஓட்டல் வாசலில் நின்று காசை எண்ணுகிற பையன் இந்த வருஷமும் அந்தக் கூட்டத்தில் இருப்பான் என்பதுதான். நண்பர்கள் நாலு பேரோடு, சங்கத்தின் பணத்தில், அவன் ஒரு தடவை உள்ளே போய் வந்துவிட்டால் போதும்.

பொருளாளர் ரசீது கேட்பார். வடாபாவுக்கு ரசீது கிடையாது, பொருளாளர் அவர்களே. கையால் எழுதிய கணக்கை ஏற்றுக்கொள்ளுங்கள். உங்களுக்குச் சந்தேகமிருந்தால் டிசம்பரில் நானும் கூடப் போகிறேன். டிக்கெட் என் செலவு.