கணக்குத் தவறினால் ராசியா காரணம்?



கம்ப்யூட்டர் என்றால் அது மகா மேதாவிகளுக்கே உரிய பண்டம் என்று நம்மில் அநேகர் எண்ணிக் கொண்டிருக்கிறார்கள். நாம் காலேஜ் வாசலை மிதித்தவர்களல்ல. இருந்தும் சில வாலிபத் தோழர்களோடு சேர்ந்து மேஜைமேல் ஒன்றைக் கட்டிப் பார்த்தோம். அதில் கண்டதையே இங்கு சொல்ல வந்திருக்கிறோம்.

கட்டியது பிரெட்போர்டின்மேல். முற்காலத்தில் ரேடியோ கட்டிப் பழகியவர்கள் ரொட்டி அறுக்கும் பலகையில் ஆணியடித்துக் கம்பி சுற்றினார்கள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. இன்றுள்ளது துளைகள் நிறைந்த பிளாஸ்டிக் பலகை. துளையில் கம்பியைச் செருகினால் உள்ளேயுள்ள உலோகக் கவ்வி பிடித்துக்கொள்ளும். ஈயம் வைத்துப் பற்றவைக்க வேண்டியதில்லை. மால்வினோ என்னும் ஆசிரியர் தமது பாடப் புத்தகத்தில் விளக்கிய எஸ்.ஏ.பி.-1 என்ற சிறு கம்ப்யூட்டரையொட்டி, பென் ஈட்டர் என்னும் அமெரிக்கர் இத்தகைய பலகைகளில் ஒன்றைக் கட்டிக் காட்டினார். நாமும் அவ்வழியே சென்றோம். 5 வோல்ட்டில் ஓடும். அதற்குத் தெரிந்ததெல்லாம் ஒன்று, சைபர் என்ற இரண்டே!

கட்டி முடித்து, 5-ம் 3-ம் எவ்வளவு என்று கேட்டோம். 9 என்றது! 2-ம் 2-ம் என்றோம். 5 என்றது! கட்டிய வாலிபருக்கு முகம் வாடிவிட்டது. "நம்ம கை ராசியில்லாத கைங்க" என்றார். பக்கத்திலிருந்த பெரியவரோ, "படித்தவர்கள் செய்கிற வேலை, உங்களுக்கெதற்கப்பா?" என்றார். கூட்டல் போடும் ஐ.சி.யைக் கழற்றிவிட்டு வேறொன்று வாங்கிப் போட்டோம். காசு போனதுதான் மிச்சம். மறுபடியும் 9!

தோழர்களே! சற்று யோசித்துப் பாருங்கள். தப்பு தாறுமாறாக வரவில்லையே! எப்போதும் ஒன்றுதானே கூடுகிறது? ராசி கெட்டால் இவ்வளவு ஒழுங்காகவா கெடும்? அந்த ஒன்று ஏதோ ஒரு வழியாக உள்ளே நுழைகிறதென்றுதானே அர்த்தம்?

நாம் காகிதத்தில் கூட்டும்போது, பத்து நிறைந்தால் "கையில் ஒன்று" என்று அடுத்த இடத்துக்குக் கொண்டு போகிறோமல்லவா? 74எல்எஸ்283 என்னும் அந்த ஐ.சி.யிலும் அப்படி வரும் ஒன்றை வாங்கிக்கொள்ள ஒரு கால் உண்டு, 7-வது கால். ஒன்றாம் இடத்துக்கு முன்னால் வேறு இடமில்லை. ஆகவே கூட்டும்போது அங்கே அந்தக் கால் சைபராயிருக்க வேண்டும். மீட்டரை வைத்தோம். இந்த வகை ஐ.சி.க்கு 0.8 வோல்ட்டுக்குள் இருந்தால் சைபர், 2 வோல்ட்டுக்கு மேற்பட்டால் ஒன்று. இந்தக் காலோ இரண்டுக்கும் நடுவே நின்றது! காரணம், கம்பி துளைக்குள் சரியாக இறங்கவில்லை. அந்தரத்தில் நிற்கும் காலை இந்த ஐ.சி. பெரும்பாலும் ஒன்றென்றே எடுத்துக்கொள்ளும். கம்பியை அழுத்தினோம். 8 வந்தது! ராசியில்லாத கைதான் அழுத்தியது.

ஆகவே தோழர்களே! ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியே சோதித்த பிறகே ஒன்று சேருங்கள். பலகையின் கடைசி முனையிலும் 5 வோல்ட் வருகிறதா என்று அளந்து பாருங்கள். சில பலகைகளில் மின்சார வரிசை நடுவில் துண்டிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு ஐ.சி.க்கும் பக்கத்தில் 0.1 மைக்ரோபாரட் கண்டென்சர் ஒன்று வையுங்கள். விளக்குகளை ரெசிஸ்டர் இல்லாமல் மாட்டாதீர்கள். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். இல்லாவிட்டால் எது குணப்படுத்தியதென்றே தெரியாது.

நாம் சொல்லுவதையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். மீட்டரை வைத்துப் பார்த்து, சரியென்று பட்டால் மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டு இத்துடன் முடித்துக்கொள்ளுகிறோம்.