நெஞ்சு வலியும் முடக்குவாதமும்

(சப்ரகமுவ தோட்டமொன்றில் நடந்த சுகாதாரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



போன கூட்டத்தில் பிரஷரைப் பற்றிப் பேசினோம். முடிந்து போகும்போது கொழுந்தெடுக்கும் அக்கா ஒருவர் எங்களைத் தனியாகக் கூப்பிட்டார். "மூணு தரம் ஈ.சி.ஜி. எடுத்தாச்சுங்க. ஒண்ணுமில்லேன்னு அனுப்புறாங்க. ஒண்ணுமில்லேன்னா ஏன் வலிக்குது?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்காகத்தான் இன்று வந்திருக்கிறோம்.

அவருக்கு ஏழு வருடமாக முடக்குவாதம். காலையில் விரல் மடங்காது. போத்தல் மூடி திறக்கவும் மகள் வேண்டும். கை இளக ஒரு மணித்தியாலம் செல்லும். அதற்குள் பிரட்டு முடிந்துவிடும். கொழுந்து குறைந்தால் அரைப்பேர். இதற்குமேல் நெஞ்சு வலி என்றும் சொன்னால் "வேலைக்குக் கள்ளம்" என்பார்கள் என்று பயந்து, பல மாதம் வாய் திறக்கவில்லை. அப்படிச் சொல்வது வேறு யாருமில்லை, நம்ம லயத்து ஆட்கள்தான்.

முடக்குவாதத்தை நாம் கை கால் வருத்தம் என்றே நினைக்கிறோம். உண்மையில் உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்குவதால் வருவது அது. விரல் மூட்டு வீங்குவதுபோல, விலா எலும்பு நெஞ்செலும்போடு சேரும் இடமும் நோகலாம். அங்கே விரலால் அமத்தினால் தெரியும். நுரையீரலை மூடிய சவ்வில் அழற்சி வந்தால் மூச்சு இழுக்கும்போது குத்தும். இதயத்தை மூடிய சவ்வில் வந்தால் மல்லாந்து படுக்கையில் கூடி, முன்னால் குனிந்து உட்கார்ந்தால் குறையும். டவுன் கடையில் வாங்கும் நோவு மாத்திரையை வெறும் பிளேன்டீயோடு போட்டாலும் நெஞ்செரியும். இவற்றில் பலவற்றை ஈ.சி.ஜி. காட்டாது. ஆகவே "ஒண்ணுமில்லை" என்றால் வலி பொய் என்று அர்த்தமில்லை.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. முடக்குவாதக்காரருக்கு மாரடைப்பு வரும் ஆபத்து மற்றவர்களைவிடச் சுமார் ஒன்றரை மடங்கு. நெஞ்சு இறுக்கி, வியர்த்து, மூச்சு வாங்கி, வலி தாடைக்கோ கைக்கோ முதுகுக்கோ ஏறினால் கேஸ் என்று சோடா உடைத்துக் கொடுக்காதீர்கள். முந்தி மூன்று முறை சும்மா அனுப்பியிருந்தாலும் பரவாயில்லை, நாலாவது முறையும் போங்கள். 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்; 2016இல் தொடங்கிய சேவை இது. லயம்வரை வாகனம் ஏறாவிட்டால் ஆளை நடக்க விடாமல் தூக்கி ரோட்டுக்குக் கொண்டு வாருங்கள்.

இரத்தினபுரி, கேகாலை பெரியாஸ்பத்திரிகளுக்குப் போகிறவர்கள் வாதக் கொப்பி, நெஞ்சுக் கொப்பி இரண்டையும் கொண்டு போங்கள். அந்த அக்கா நெஞ்சு பார்த்த டொக்டரிடம் வாதத்தைப் பற்றிச் சொல்லவேயில்லை. "அவர் கேக்கலீங்க" என்றார்.

மெதோட்ரெக்ஸேட் குடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சென்னையில் மருத்துவம் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவின் குழு 1940களில் அமெரிக்காவில் உருவாக்கிய மருந்து அது. முடக்குவாதத்துக்கு வாரத்தில் ஒரு நாள்தான். தினமும் குடித்தால் உயிருக்கே மோசம். புதிதாக வறட்டு இருமலும் மூச்சிரைப்பும் வந்தால் உடனே டொக்டரிடம் காட்டுங்கள்.

அக்காவின் வலிக்குக் காரணம் இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை. இப்போது மகள் பழைய அப்பியாசக் கொப்பியில் எழுதி வைக்கிறாள்: எந்நேரம் வந்தது, கூடை சுமந்தபோதா, படுத்தபோதா, எவ்வளவு நேரம் இருந்தது என்று. வரும் கிளினிக்குக்கு அந்தக் கொப்பியும் போகிறது. கூட நாங்களும் போகிறோம்.