ரேஸ் பெல்ட் மாட்டுவதற்கு முன்: தாங்கும் இடம் எது?

ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் வட்டாரத்தில் வேலை பார்க்கிற, படிக்கிற, கார் மேல் ஆசை வைத்திருக்கிற எல்லோருக்குமான பேச்சு இது. கையில் இருக்கும் போனை ஒரு பக்கம் வைத்துவிட்டுக் கேளுங்கள் என்று சொல்ல மாட்டேன். இன்றைக்குச் சொல்லப்போகிற சில வேலைகளுக்கு அந்த போனே தேவைப்படும்.

நம்ம ஊர் கொஞ்சம் தனி ஊர். இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாய் தொழிற்சாலையிலிருந்து கார்கள் வெளியே வருகின்றன. அதே இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் பந்தயத் தளம் இருக்கிறது. ஒரு சுற்று ஏறக்குறைய 3.7 கிலோமீட்டர். அதற்கு முன்னால் பந்தயங்கள் சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் நடந்தன. ஒரகடத்துக்குப் போனால் கார், லாரி, பைக் தொழிற்சாலைகள். வாகனங்களைச் சோதித்துச் சான்று தரும் மத்திய அரசின் ஆராய்ச்சி மையமும் அங்கேதான். பொறியியல் மாணவர்கள் தாங்களே கட்டிய ஃபார்முலா கார்களோடு போட்டியிடும் 'சுப்ரா' போட்டி அதன் ஆரம்ப ஆண்டுகளில் நம்ம இருங்காட்டுக்கோட்டை தளத்தில்தான் நடந்தது.

அதனால், "நானே ஒரு கார் கட்டப்போறேன்" என்று ஒரு பையன் சொன்னால் இங்கே யாரும் ஆச்சரியப்படுவதில்லை. பைப் கிடைக்கும், வெல்டிங் மெஷின் கிடைக்கும், வேலை தெரிந்த கையும் பக்கத்துத் தெருவிலேயே கிடைக்கும். இன்ஜினைப் பற்றி ஆறு மாதம் பேசுவார்கள். சீட் பெல்ட்டைப் பற்றி? கடைசி வாரத்தில்.

இன்னொரு கூட்டமும் இருக்கிறது. போனில் சிவப்பு, நீல நிறத்தில் நான்கு பட்டை ரேஸ் பெல்ட்டைப் பார்த்து, ஆர்டர் போட்டு, தினமும் வேலைக்குப் போகிற காரில் மாட்டுகிறவர்கள். இரண்டு பேருக்கும் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: பெல்ட்டை நம்பாதீர்கள், அது எங்கே கட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள்.

எவ்வளவு எடை தாங்க வேண்டும்?

ஒரு சின்னக் கணக்கு. 70 கிலோ எடையுள்ள ஒருவர் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிறார். கார் சுவரில் மோதி, முன்பக்கம் நசுங்கி, அரை மீட்டர் தூரத்துக்குள் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரைப் பிடித்து நிறுத்த பெல்ட் தாங்க வேண்டிய விசை ஏறக்குறைய 1,400 கிலோ எடைக்குச் சமம். ஒரு காரையே கட்டித் தொங்கவிட்ட மாதிரி! அதே தூரத்தில் நிற்க வேண்டும், ஆனால் வேகம் 100 என்றால், விசை இரண்டு மடங்கு இல்லை, நான்கு மடங்கு.

இந்தப் பாரம் பட்டையிலிருந்து பக்கிளுக்கு, பக்கிளிலிருந்து போல்ட்டுக்கு, போல்ட்டிலிருந்து தகட்டுக்குப் போகிறது. நல்ல பட்டை அவ்வளவு சுலபத்தில் அறாது. ஆனால் காரின் தரைத் தகடு ஒரு மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும். அதில் ஒரு ஓட்டை போட்டு, சின்ன வாஷரோடு போல்ட்டை முறுக்கிவிட்டால், மோதும் நேரத்தில் வாஷர் தகட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். பெல்ட் முழுசாகத்தான் இருக்கும். பிடித்துக்கொள்ள இடம் இருக்காது.

உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் விதிகள் இதற்குத் தெளிவான அளவு சொல்கின்றன. தோள்பட்டை, இடுப்புப் பட்டை கட்டும் ஒவ்வொரு இடமும் ஏறக்குறைய ஒன்றரை டன் தாங்க வேண்டும். தொடைகளுக்கு நடுவே வரும் பட்டையின் இடம் அதில் பாதியளவு. புதிதாக ஒரு இடத்தில் கட்டினால், 3 மில்லிமீட்டர் கனமும் 40 சதுர சென்டிமீட்டர் பரப்பும் குறையாத எஃகுத் தகடு வைக்க வேண்டும். எட்டுக்கு ஐந்து சென்டிமீட்டர் தகடு என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். போல்ட் இழுபடும் திசைக்கு எதிர்ப்புறம் அந்தத் தகடு உட்கார வேண்டும். தரையில் என்றால் காருக்கு அடியில். மூலைகளை உருட்டிவிடுங்கள், கூர்மையாக இருந்தால் அதுவே தரையைக் கிழிக்கும். இடுப்பு, தோள் பட்டைகளுக்கு எம்12 அளவு, தலையில் 8.8 என்று பொறித்த போல்ட் அல்லது அதற்கு இணையானது. ஹார்டுவேர் கடையில் கிடைக்கிற, எந்த எண்ணும் இல்லாத போல்ட் இந்த வேலைக்கு ஆகாது.

இன்னொரு விதி: சீட்டிலோ, சீட்டைத் தாங்கும் பிராக்கெட்டிலோ பெல்ட்டைக் கட்டக் கூடாது. சீட் பிய்த்துக்கொண்டால் ஆளும் சீட்டும் பெல்ட்டும் சேர்ந்தே போகும்.

கோணம் ஏன் முக்கியம்?

இங்கேதான் போன் வேலைக்கு வருகிறது. பல போன்களில் மட்டம் பார்க்கும் வசதி உண்டு. ஓட்டுபவர் ஹெல்மெட்டோடு உட்கார்ந்து பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கொள்ளட்டும். கார் சமதளத்தில் நிற்கட்டும். போனைப் பட்டையின் ஓரமாகப் பிடித்துக் கோணத்தைப் பாருங்கள்.

தோள்பட்டை தோளிலிருந்து பின்னால் ஏறக்குறைய நேராகப் போக வேண்டும். மாணவர் ஃபார்முலா போட்டி விதிகள் கிடைமட்டத்துக்கு மேலே 10 டிகிரி, கீழே 20 டிகிரி என்ற எல்லைக்குள் இருக்கச் சொல்கின்றன. எஃப்.ஐ.ஏ. விதி கீழ்நோக்கி 45 டிகிரியைத் தாண்டவே கூடாது என்கிறது. 10 டிகிரிக்குள் இருப்பது நல்லது என்றும் சொல்கிறது. காரணம் எளிது. பட்டையைச் சீட்டுக்குப் பின்னால் செங்குத்தாகத் தரையில் கட்டினால், மோதும்போது உடம்பு முன்னால் போகப் போக, பட்டை தோளைக் கீழே அழுத்தும். அந்த அழுத்தம் முழுவதும் முதுகெலும்பில் இறங்கும். அதனால்தான் கூண்டில், தோள் உயரத்தில், குறுக்கே ஒரு பைப் வைத்து அதில் கட்டுகிறார்கள். பட்டையின் நீளமும் குறையும். நீளம் கூடினால் இழுபடுவதும் கூடும், தலை ஸ்டியரிங்கை எட்டிவிடும்.

இடுப்புப் பட்டை வயிற்றின் மேல் இருக்கக் கூடாது. இடுப்பெலும்புக்குக் கீழே, தொடை மடியும் இடத்தில் பதிய வேண்டும். நிமிர்ந்து உட்காரும் காரில் அதன் கோணம் 45 முதல் 65 டிகிரி. வயிற்றில் எலும்பு இல்லை. குடலும் ஈரலும்தான் இருக்கின்றன. நான்கு பட்டை பெல்ட்டின் பெரிய குறையும் இதுதான். தோள்பட்டைகளை இறுக்க இறுக்க, பக்கிள் மேலே ஏறி, இடுப்புப் பட்டையை வயிற்றுக்கு இழுத்துவிடும். மோதும்போது ஆள் பெல்ட்டுக்கு அடியில் வழுக்கிப் போவார். இதைத் தடுக்கத்தான் தொடை நடுவே வரும் ஐந்தாவது, ஆறாவது பட்டைகள்.

மாட்டும் வரிசையும் உண்டு: முதலில் இடுப்பு, நன்றாக இறுக்கம், அப்புறம் தொடைப் பட்டை, கடைசியில் தோள். எல்லாம் ஒரே பக்கிளில் ஒரே அசைவில் அவிழ வேண்டும். மாணவர் போட்டிகளில் ஓட்டுபவர் 5 விநாடிக்குள் காரை விட்டு வெளியே வந்து காட்ட வேண்டும். நீங்களும் போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பழகுங்கள். தீ பிடித்தால் நேரம் அவ்வளவுதான்.

உடம்பைக் கட்டினால் தலை?

ரேஸ் பெல்ட் உடம்பைச் சீட்டோடு சேர்த்துக் கட்டிவிடும். தலையை யார் கட்டுவது? ஹெல்மெட்டின் எடையோடு தலை முன்னால் பாயும். அதன் சுமை முழுவதும் கழுத்தில் விழும். 2001 பிப்ரவரி 18 அன்று அமெரிக்காவின் டேடோனா பந்தயத்தில், கடைசிச் சுற்றில், டேல் எர்ன்ஹார்ட் என்ற புகழ்பெற்ற வீரர் சுவரில் மோதி இறந்தார். மண்டை ஓட்டின் அடிப்பகுதி எலும்பு முறிந்திருந்தது. அவருடைய இடது இடுப்புப் பட்டை பிரிந்திருந்ததையும் விசாரணை பதிவு செய்தது. அந்த ஆண்டு அக்டோபரிலேயே அங்கே தலையைப் பிடிக்கும் கருவி கட்டாயமானது. ஹெல்மெட்டையும் தோளில் உட்காரும் ஒரு சட்டத்தையும் இணைக்கும் 'ஹான்ஸ்' கருவியை ராபர்ட் ஹப்பர்ட் என்ற பேராசிரியரும் ஜிம் டவுனிங் என்ற பந்தய வீரரும் 1980களிலேயே உருவாக்கியிருந்தார்கள். ஃபார்முலா ஒன்னில் அது 2003 முதல் கட்டாயம்.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது: ரேஸ் பெல்ட் தனிப் பொருள் இல்லை. ரேஸ் சீட், இரும்புக் கூண்டு, ஹெல்மெட், ஹான்ஸ், பெல்ட், இவை ஐந்தும் ஒரு குடும்பம். ஒன்றை மட்டும் பிரித்துக் கொண்டுவந்தால் அது உதவாது, சில நேரம் கெடுதலும் செய்யும்.

வேலைக்குப் போகிற காரில் மாட்டலாமா?

வேண்டாம். உங்கள் காரில் கம்பெனி பொருத்திய மூன்று முனை பெல்ட் சாதாரணப் பெல்ட் இல்லை. பல கார்களில் அது மோதிய கணத்தில் தானே இறுகும், பிறகு நெஞ்செலும்பு நொறுங்காதபடி கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், ஏர்பேக் விரியும் நேரத்தோடு ஒத்துப்போகும். இதைச் சோதித்துப் பார்த்துத்தான் காரை விற்கிறார்கள். அந்தக் காரில் இரும்புக் கூண்டு இல்லை. கார் கவிழ்ந்து கூரை நசுங்கினால், நான்கு பட்டை உங்களை நிமிர்த்திப் பிடித்து வைத்திருக்கும். சாய இடம் இருக்காது.

சட்டமும் இதையேதான் சொல்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-இன்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. பிரிவு 182ஏ-இன்படி அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சீட் பெல்ட் போடாவிட்டால் பிரிவு 194பி-இன்படி 1,000 ரூபாய். சட்டம் அனுமதிக்கும் மாற்றங்கள், எரிவாயு கிட் போன்றவை, செய்ய வேண்டுமென்றால் பரிவாகன் இணையதளம் வழியாக உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு முதலில் விண்ணப்பியுங்கள். வேலை முடிந்த பிறகு கேட்டால் பயனில்லை.

நீங்களே கட்டிய கார் என்றால், அதைப் பதிவு இல்லாமல் சாலையில் ஓட்ட முடியாது. சோதனைக்குக்கூட ஒரகடம் சாலையில் "ஒரு ரவுண்டு" வேண்டாம். லாரியிலோ டிரெய்லரிலோ ஏற்றித் தளத்துக்குக் கொண்டு போங்கள். போட்டியில் கலந்துகொள்ள இந்திய மோட்டார் விளையாட்டுக் கழகங்களின் கூட்டமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ.யின் உரிமம் வேண்டும். அங்கே உங்கள் காரை ஆய்வு செய்யும் அதிகாரி பெல்ட்டைக் கட்டாயம் பார்ப்பார்.

வாங்கும்போது, வைத்திருக்கும்போது

தளத்துக்கான பெல்ட் வாங்குகிறவர்கள் பட்டையில் தைத்திருக்கும் லேபிளைப் பாருங்கள். எஃப்.ஐ.ஏ. தர எண் 8853-2016 என்றும், எந்த ஆண்டு வரை செல்லும் என்றும் இருக்கும். விற்பவரிடம் லேபிளின் தெளிவான போட்டோ கேளுங்கள். "ரேஸிங் ஸ்டைல்" என்று மட்டும் போட்டிருந்தால் அது அலங்காரப் பொருள். விலை குறைவு என்று பழையதை வாங்காதீர்கள். ஒருமுறை பலமாக மோதிய பெல்ட்டை மறுபடியும் பயன்படுத்தக் கூடாது, அது மோதியதா இல்லையா என்று பார்த்தால் தெரியாது. 2023-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், சீட் பெல்ட் எச்சரிக்கை ஒலியை நிறுத்தும் கிளிப்புகளை விற்பனையிலிருந்து நீக்கும்படி பெரிய இணைய விற்பனை நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. தளத்தில் விற்கிறார்கள் என்பதாலேயே பாதுகாப்பானது ஆகிவிடாது என்பதற்கு இதுவே சாட்சி. ஏமாற்றப்பட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம்.

வீட்டிலும் பட்டறையிலும் கவனிக்க வேண்டியவை சில. கூண்டில் வெல்டிங் வைப்பதற்கு முன் பெல்ட்டைக் கழற்றி வெளியே எடுத்துவிடுங்கள். ஒரு பொறி பட்டாலும் பட்டை உருகிப் பலம் போகும். வெயிலும் பேட்டரி ஆசிட்டும் அதேபோல எதிரிகள். நூல் பிரிந்தால், வெட்டுப்பட்டால், தைக்க வேண்டாம், மாற்றுங்கள். பைப்பில் சுற்றிக் கட்டும் பட்டையைக் கொக்கியின் வழியாகத் திரும்பவும் மடித்துக் கோத்து, நான்கு அங்குலமாவது மிச்சம் விடுங்கள். போல்ட்டை டார்க் ரெஞ்சில் முறுக்கி, பெயின்ட்டால் ஒரு கோடு போட்டு, போட்டோ எடுத்து வையுங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் கோடு நகர்ந்திருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். காலாவதி ஆண்டை போன் காலண்டரில் போட்டுவிடுங்கள்.

லைனில் வேலை பார்க்கிற நண்பர்களுக்கு இது புதிதில்லை. முகம் தெரியாத ஒருவர் வாங்கப்போகும் காருக்கு ஷிப்ட் முழுக்க இவ்வளவு கவனமாகப் போல்ட் முறுக்குகிறீர்கள். உங்கள் வீட்டுப் பையன் கட்டுகிற காருக்கும் அதே கவனத்தைக் கொடுங்கள். அவன் கூச்சப்பட்டால் நீங்களே போய், "தம்பி, அந்தப் பெல்ட்டை எதுல கட்டியிருக்க, காட்டு பார்ப்போம்" என்று கேளுங்கள். காருக்கு அடியில் குனிந்து தகட்டைத் தொட்டுப் பாருங்கள்.