யாருடைய மதிப்பைக் கூட்டுவது?



பொதுப்பண்டங்களின் உகந்த அளவைப் பற்றிப் பேச, நாம் கூடியிருக்கும் இந்தப் போனக்காட்டைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. விதுராவைக் கடந்து மேலேறும்போது நீங்கள் பார்த்த இந்த மலைக்காடுகளின் நீர்தான் கரமனையாற்றில் இறங்கி, பேப்பாறை அணையில் தேங்கி, திருவனந்தபுரத்துக் குழாய்களில் வருகிறது.

இங்கு விளைந்த தேயிலையை ஒருவர் வாங்கினால் அது மற்றவருக்கு இல்லை. காட்டைக் காப்பதன் பயனோ அப்படிப் பங்குபோடக் கூடியதன்று. காத்த அளவு எல்லோருக்கும் ஒன்றே. ஆகவே ஒவ்வொருவரும் எவ்வளவு கேட்கிறார் என்பதைக் கூட்டிப் பயனில்லை. அந்த ஒரே அளவுக்கு ஒவ்வொருவரும் தரும் மதிப்பைத்தான் கூட்ட வேண்டும். எல்லோருடைய இறுதிநிலை மதிப்புகளின் கூட்டுத்தொகை இறுதிநிலைச் செலவுக்குச் சமமாகும் இடமே உகந்த அளவு என்று பால் சாமுவேல்சன் 1954இல் நிறுவினார்.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். கோடைக்கு முன் தீத்தடுப்புக் கோட்டை இன்னும் ஒரு கிலோமீட்டர் நீட்ட 20,000 ரூபாய் ஆகிறது. மலைமேல் 100 குடும்பங்கள், குடும்பத்துக்கு 50 ரூபாய் மதிப்பு: மொத்தம் 5,000. வேண்டாம் என்கிறது கணக்கு. கீழே நகரத்தில் 10,000 வீடுகள், வீட்டுக்கு வெறும் 5 ரூபாய்: 50,000. இப்போது நீட்டத்தான் வேண்டும்; அடுத்தடுத்த கிலோமீட்டரின் கூட்டுமதிப்பு குறைந்து செலவைத் தொடும்வரை நீட்ட வேண்டும். காடும் செலவும் மாறவில்லை. யாரைச் சேர்த்தோம் என்பதுதான் மாறியது.

காட்டின் பயன் நகரத்தோடும் நிற்காது. இதே அகத்தியமலைத் தொடரின் கிழக்குச் சரிவில் பிறக்கும் தாமிரபரணி திருநெல்வேலி, தூத்துக்குடி வயல்களை நனைக்கிறது. 2016இல் யுனெஸ்கோவின் உலக வலைப்பின்னலில் சேர்ந்த அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம் கேரளம், தமிழ்நாடு ஆகிய இரு மாநிலங்களிலும் பரந்து கிடக்கிறது. நிதிநிலை அறிக்கைகள் மட்டும் மாநில எல்லையோடு நின்றுவிடுகின்றன. அதனால் இரு பக்கமும் செலவு உகந்த அளவுக்குக் கீழேயே தங்கிவிடும் என்று அஞ்சுகிறேன்.

இன்னொன்று என்னை இதைவிட அதிகமாக உறுத்துகிறது. குடும்பத்துக்கு 50 ரூபாய் என்றேன். இங்குள்ள தேயிலைத் தோட்டம் முடங்கியபின் இடிந்துகொண்டிருக்கும் லயங்கள் எனும் வரிசை வீடுகளில் வாழும் தொழிலாளி அவ்வளவுதான் தர முடியும் என்றால், அவருக்குக் காடு முக்கியமில்லை என்றா பொருள்? அவருடைய கையில் பணமில்லை என்று பொருள். கொடுக்கும் வல்லமையை மதிப்பாக எடுத்துக்கொண்டு கூட்டும் சூத்திரம், வருமானப் பகிர்வில் உள்ள அநீதியையும் சேர்த்தே கூட்டுகிறது. அவரவர் இறுதிநிலை மதிப்புக்கேற்பச் செலவைப் பகிரலாம் என்று 1919இல் லிண்டால் சொன்ன வழியும் இதற்கு மருந்தாகாது. அதோடு, வரி குறையும் என்றால் யாரும் தம் மதிப்பைக் குறைத்துத்தான் சொல்வார்கள்.

ஆகவே கட்டுரை வாசிப்போரிடம் ஒரு வேண்டுகோள். விடையைச் சொல்வதற்கு முன், உங்கள் கூட்டலில் யாரைச் சேர்த்தீர்கள், யாரை விட்டீர்கள், இம்மலைகளின் காணிப் பழங்குடி மக்களின் மதிப்பையும் லயத்துத் தொழிலாளரின் மதிப்பையும் எப்படி அளந்தீர்கள் என்று சொல்லுங்கள். விவாதத்தை நாம் அங்கிருந்து தொடங்குவோம். முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.