கோழியிறகு மரங்களும் ஒரு நகராட்சி விமான நிலையமும்



அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தில், லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தை ஒட்டியபடி, பசிபிக் கடலோரத்தில் சாண்டா மோனிகா என்று ஓர் ஊர். அந்த ஊர் நகராட்சிக்குச் சொந்தமாக ஒரு விமான நிலையம் இருக்கிறது. நம் ஊர்களில் நகராட்சி பேருந்து நிலையமும் சந்தையும் வைத்திருக்கிற மாதிரி, அங்கே விமான நிலையம். அதில் பதினாறு ஆண்டுகள் நான் மெக்கானிக்காக வேலை பார்த்தேன். இன்று அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

மீனம்பாக்கம் மாதிரி ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளாதீர்கள். டிக்கெட் கவுண்டர் கிடையாது. பெட்டிகள் சுற்றிவரும் பட்டை கிடையாது. விமான கம்பெனிகளின் பெரிய விமானங்கள் அங்கே வருவதில்லை. அவையெல்லாம் சில மைல் தள்ளி லாஸ் ஏஞ்சலஸ் சர்வதேச விமான நிலையத்துக்குப் போய்விடும். இங்கே வருபவை பெரும்பாலும் இரண்டு பேர், நான்கு பேர் உட்காரும் சின்ன விமானங்கள். ஓட்டக் கற்றுக்கொள்கிறவர்கள், சொந்தமாக விமானம் வைத்திருப்பவர்கள், அவசரமாக எங்கோ போகும் மருத்துவர்கள், அப்புறம் எங்களைப் போல் கை முழுக்க எண்ணெய்க் கறையோடு நிற்கிறவர்கள். மொத்தம் 227 ஏக்கர். ஒரே ஓடுபாதை. ஒரு கட்டுப்பாட்டுக் கோபுரம். வரிசையாக ஹேங்கர்கள் என்கிற விமானக் கொட்டகைகள், பயிற்சிப் பள்ளிகள், பழுது பார்க்கும் பட்டறைகள், ஒரு விமானக் கண்காட்சிச் சாலை. வெட்டவெளியில் விமானங்களைக் கயிறு போட்டுக் கட்டிவைக்கும் இடம். மாட்டைக் கட்டுவது மாதிரியேதான், இறக்கைக்கு ஒன்று, வாலுக்கு ஒன்று. கட்டாமல் விட்டால் காற்று தூக்கிப் போட்டுவிடும்.

காலையில் நான் முதலில் பார்ப்பது பெட்ரோல். இறக்கைக்கு அடியில் சின்னதாக ஒரு குமிழ் இருக்கும். கண்ணாடி போன்ற ஒரு கிண்ணத்தை அதில் வைத்து அழுத்தினால் கொஞ்சம் பெட்ரோல் இறங்கும். வெளிர் நீல நிறம். வானத்துக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும். இரவில் டேங்குக்குள் ஈரம் கோத்திருந்தால், கிண்ணத்தின் அடியில் ஒரு துளி நிறமில்லாமல் உருண்டு நிற்கும். அது தண்ணீர். பெட்ரோலைவிடக் கனம் என்பதால் அடிக்குப் போய்விடும். அது நிற்கும்வரை வடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு துளிதானே என்று விட்டால், ஆயிரம் அடி உயரத்தில் எஞ்சின் நின்றுபோகலாம். நூறு முறை பார்த்து நூறு முறையும் சுத்தமாக இருந்தாலும், நூற்றியோராவது முறையும் பார்ப்பதுதான் இந்தத் தொழில்.

சரி, கதைக்கு வருகிறேன். இந்த இடத்துக்கு முதல் பெயர் குளோவர் ஃபீல்ட். குளோவர் என்றால் ஒரு வகைப் புல். அதனால் புல்வெளி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இல்லை. முதல் உலகப் போரில் பிரான்சில் இறந்துபோன ஓர் இளம் விமானியின் பெயர் அது. 1923ல் அந்தப் பெயரை வைத்தார்கள். அதற்கு முந்தைய வருடம்தான் டொனால்ட் டக்ளஸ் என்ற பொறியாளர் அந்த ஊருக்கு வந்து, கைவிடப்பட்ட ஒரு சினிமா ஸ்டுடியோவில் பட்டறை போட்டிருந்தார். அங்கே விமானம் செய்து, தெரு வழியாக இழுத்துக்கொண்டு வந்து, இந்தத் திடலில் பறக்க விட்டுப் பார்ப்பார்.

1924 மார்ச் 17. அன்றைக்கு அங்கிருந்து நான்கு விமானங்கள் கிளம்பின. துணி போர்த்திய இரட்டை இறக்கை விமானங்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு பேர். உலகத்தைச் சுற்றிவருவது திட்டம். சியாட்டில் போய், ஏப்ரல் 6ல் அங்கிருந்து முறைப்படி பயணத்தைத் தொடங்கினார்கள். ஒன்று அலாஸ்காவில் பனிமலையில் மோதியது. அதில் இருந்த இருவரும் பத்து நாள் பனியில் நடந்து உயிர் தப்பினார்கள். இன்னொன்று அட்லாண்டிக்கில் மூழ்கியது. மிச்சமிருந்த இரண்டு விமானங்கள் செப்டம்பர் 28ல் சியாட்டிலுக்குத் திரும்பின. மொத்தம் 175 நாள். உலகத்தை முதன்முதலாக விமானத்தில் சுற்றியது அதுதான். இதில் நமக்கும் ஒரு சங்கதி இருக்கிறது. ஆசியாவின் கடலோரமெல்லாம் தண்ணீரில் இறங்கி ஏற மிதவை மாட்டி வந்தவர்கள், கல்கத்தாவுக்கு வந்துதான் மிதவையைக் கழற்றிச் சக்கரம் மாட்டிக்கொண்டார்கள். எஞ்சினும் மிதவையுமாக அந்தக் கனத்தைத் தூக்கி நிறுத்தி, கல்கத்தா வெயிலில், கடல் உப்பில் இறுகிப்போன போல்ட்டுகளைக் கழற்றியிருப்பார்கள். அந்த வேலையைத் தெரிந்தவன் என்பதால், உலகத்தைச் சுற்றியதைவிட அந்தச் சக்கரம் மாட்டியதைத்தான் நான் அதிகம் நினைத்துக்கொள்கிறேன்.

1926ல் நகர மக்கள் வாக்களித்து, பூங்காவுக்கென்று எழுப்பிய கடன் பணத்தில் நகராட்சி இந்த நிலத்தை வாங்கியது. பூங்காவுக்கென்று வாங்கினார்கள் என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

1929ல் பெண்கள் மட்டுமே கலந்துகொண்ட முதல் நெடுந்தூர விமானப் பந்தயம் இங்கிருந்துதான் புறப்பட்டது. புகழ்பெற்ற விமானி அமீலியா எர்ஹார்ட்டும் அதில் ஓட்டினார். ஜெயித்தவர் லூயிஸ் தேடன். அதைச் சொல்லத் தனியாக ஒரு நாள் வேண்டும். நான் இப்போது டக்கோட்டா விமானத்தின் கதைக்குப் போகிறேன். மன்னியுங்கள், இந்த உரைக்கு நான் ஒத்துக்கொண்டதே அதற்காகத்தான்.

1935 டிசம்பர் 17. ரைட் சகோதரர்கள் முதன்முதலில் விமானத்தில் பறந்து அன்றோடு 32 வருடம். குளோவர் ஃபீல்டிலிருந்து புதிதாக ஒரு விமானம் எழும்பியது. ஒரு விமான கம்பெனியின் தலைவர், பயணிகள் இரவில் படுத்துத் தூங்கிக்கொண்டே போக ஒரு விமானம் வேண்டும் என்று கேட்டிருந்தார். டக்ளஸ் தயங்கித் தயங்கித்தான் ஒத்துக்கொண்டார். 14 படுக்கை. படுக்கையை எடுத்துவிட்டால் 21 இருக்கை. அதுதான் டி.சி.3. இரண்டாம் உலகப் போரில் அதையே ராணுவச் சரக்கு விமானமாக்கி ஆயிரக்கணக்கில் செய்தார்கள். அந்த உருவத்துக்குத்தான் டக்கோட்டா என்று பெயர். நம் நாட்டுக்கு வந்தவற்றில் பெரும்பாலானவை லாங் பீச்சிலும் ஓக்லஹோமாவிலும் செய்தவை. ஆனால் அந்த வம்சத்தின் முதல் பிள்ளை பறந்தது சாண்டா மோனிகாவில்.

இலங்கையிலிருந்து கேட்கும் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. 1947 டிசம்பரில் ஏர் சிலோன் தன் முதல் சேவையைத் தொடங்கியதும் டக்கோட்டாவில்தான். இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறையில் இறங்கி, அங்கிருந்து சென்னைக்கு. அந்தப் பயணத்தை நினைவில் வைத்திருக்கும் பெரியவர்கள் இன்னும் யாழ்ப்பாணத்தில் இருக்கக்கூடும்.

என் அப்பா சென்னையில் ஆர்.எம்.எஸ்., அதாவது ரயில்வே தபால் சேவை, ஊழியர். 1949ல் இரவு விமானத் தபால் தொடங்கியது. சென்னை, பம்பாய், கல்கத்தா, டெல்லி, நான்கு ஊரிலிருந்தும் இரவில் விமானம் கிளம்பி நாக்பூரில் கூடும். அங்கே மூட்டைகளை மாற்றிக்கொண்டு விடிவதற்குள் திரும்பிவிடும். அப்பா மீனம்பாக்கத்தில் டக்கோட்டாவில் மூட்டை ஏற்றியவர். அவர் எங்களிடம் சொன்னது ஒன்றே ஒன்று: "அது மலை ஏறுகிற மாதிரிடா." சின்ன வயதில் எனக்கு அது புரியவில்லை.

என் பட்டறை நாட்களில் ஒருமுறை ஒரு பழைய டி.சி.3 அந்தப் பக்கம் வந்தது. எண்ணெய்க் குழாயில் கசிவு. பார்க்கச் சொல்லி என்னை உள்ளே அனுப்பினார்கள். வாலுக்கு அருகில் கதவு. ஏறி உள்ளே காலை வைத்தேன். தரை அப்படியே மேல்நோக்கிச் சரிந்து கிடந்தது. அந்த விமானத்துக்கு மூன்றாவது சக்கரம் வாலில். தரையில் நிற்கும்போது மூக்கு நிமிர்ந்து வால் தாழ்ந்திருக்கும். கதவிலிருந்து விமானி அறைவரை ஏறித்தான் போக வேண்டும். ஒவ்வொரு தபால் மூட்டையையும் அப்பா அந்தச் சரிவில் முதுகு வளைய முன்னால் இழுத்துப் போயிருக்கிறார். நான் நடுவில் இருக்கை முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். அப்போது அப்பா உயிரோடு இல்லை.

டி.சி.3 ஏன் இத்தனை வருடம் உழைத்தது என்று என்னைக் கேட்பார்கள். மெக்கானிக்காகச் சொல்கிறேன். இன்றைய விமானங்களில் மேலே போகப்போக உள்ளே காற்றழுத்தம் ஏற்றுவார்கள். உடம்புத் தகடு ஒவ்வொரு பயணத்திலும் கொஞ்சம் உப்பி, கொஞ்சம் சுருங்கும். அதில்தான் உலோகம் களைக்கிறது. டி.சி.3ல் அது கிடையாது. இறக்கைக்குள்ளும் ஒரே முதுகெலும்பை நம்பாமல் பாரத்தைப் பல சட்டங்களில் பகிர்ந்து வைத்தார்கள். ஒன்றில் விரிசல் விட்டாலும் மற்றவை தாங்கும். கண்டுபிடித்துச் சரிசெய்ய நமக்கு நேரம் கிடைக்கும்.

போர்க்காலத்தில் குளோவர் ஃபீல்ட் இருந்த கோலத்தைக் கேளுங்கள். ஜப்பானிய விமானம் வந்துவிடுமோ என்ற பயம். டக்ளஸ் தொழிற்சாலையையும் திடலையும் வானத்தின் கண்ணிலிருந்து மறைக்க வேண்டும். ஹாலிவுட் பக்கத்திலேயே இருக்கிறதே, செட் போடும் கலைஞர்கள் கைகொடுத்தார்கள். உயரமான கம்பங்கள் நட்டு, ஏறக்குறைய 50 லட்சம் சதுர அடிக்குக் கோழிவலை கட்டினார்கள். வலைக்கு மேலே மரச்சட்டத்தில் வீடுகள், வேலிகள், துணி காயப்போடும் கொடிகள். கம்பியை முறுக்கி, கோழியிறகு ஒட்டி, பச்சை வண்ணம் அடித்து மரங்கள். ஓடுபாதைக்கும் பச்சை அடித்துவிட்டார்கள். மேலிருந்து பார்த்தால் ஒரு குடியிருப்பு. அடியில் பல்லாயிரம் பேர் இரவும் பகலும் விமானம் செய்தார்கள். இறங்க வந்த அமெரிக்க விமானிகளே திடலைத் தேடினார்கள் என்று சொல்வார்கள்.

அந்த வலைக்கு அடியில் வேலை செய்த ஒரு அம்மாவை நான் பார்த்திருக்கிறேன். பேரன் பயிற்சிக்கு வருவான். அவர் துணைக்கு வந்து எங்கள் ஹேங்கர் நிழலில் உட்காருவார். ஒருநாள் நான் செஸ்னா என்ற ஒரு சின்ன விமானத்தின் இறக்கைத் தகட்டை மாற்றி ரிவெட் அடித்து முடித்திருந்தேன். ரிவெட் வேலைக்கு இரண்டு பேர் வேண்டும், நேயர்களே. வெளியே ஒருவர் துப்பாக்கி போன்ற சுத்தியலால் அடிப்பார். உள்ளே ஒருவர் இரும்புக் கட்டியை அணைத்துப் பிடிப்பார். கட்டி அரைக்கால் அங்குலம் சாய்ந்தாலும் ரிவெட் கோணிக்கொள்ளும். பத்தொன்பது வயதில் கட்டி பிடிக்கும் வேலையில் இருந்தவராம் அந்த அம்மா. எழுந்து வந்து, கட்டைவிரலை வரிசையின் மேல் மெல்ல ஓட்டினார். பதினோராவதில் நிறுத்தினார். கண்ணுக்குத் தெரியவில்லை. நான் விரலை வைத்துப் பார்த்தேன். ஒரு தலைமுடி அளவு எழும்பியிருந்தது. துளையிட்டு எடுத்துவிட்டு மறுபடி அடித்தேன். அன்று அந்த அம்மா வலையின் நிழலைப் பற்றியும் சொன்னார். கல்யாணப் பந்தலுக்கு அடியில் நிற்பது போன்ற வெளிச்சம். அவர் சொன்னது வேறு உவமை. எனக்கு நம் பந்தல்தான் தோன்றியது.

நேரம் ஓடிவிட்டது. மிச்சத்தை விரைவாகச் சொல்கிறேன்.

ஜெட் காலம் வந்தது. பெரிய விமானங்களுக்கு நீளமான ஓடுபாதை வேண்டும் என்று டக்ளஸ் கேட்டார். சுற்றி வீடுகள் வந்துவிட்டதால் ஊர் மறுத்தது. அந்த வேலை லாங் பீச்சுக்குப் போயிற்று. 1975ல் சாண்டா மோனிகா தொழிற்சாலையும் மூடியது. அதன் பிறகு ஊருக்கும் விமான நிலையத்துக்கும் ஓயாத வழக்கு. வீடுகள் ஓடுபாதையின் நுனியிலிருந்து சில நூறு அடியில் இருக்கின்றன. சத்தத்துக்கு 95 டெசிபல் என்று வரம்பு வைத்தார்கள். இரவு 11 மணிக்கு மேல் புறப்படக்கூடாது என்றார்கள்.

குடியிருப்பவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. அதை நான் மறைக்க மாட்டேன். ஒருநாள் ஓர் இளைஞர், கைக்குழந்தையோடு பட்டறை வாசலுக்கு வந்தார். ஓடுபாதை முனையில் வீடு. உங்கள் பெட்ரோலில் ஈயம் இருக்கிறதாமே, உண்மையா என்று கேட்டார். நான் ஒரு எஞ்சினின் கீழ்ப்பக்க ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிக் காட்டினேன். உள்ளே கடுகு மாதிரி சாம்பல் நிறக் குருணைகள் ஒட்டியிருந்தன. ஊசியால் கிண்டி ஒரு காகிதத்தில் கொட்டினேன். அது ஈயம். அந்த நீலப் பெட்ரோலில் இன்னும் ஈயம் கலக்கிறார்கள். பிளக்கில் தங்கியது போக மீதி காற்றில் போகிறது. அவர் காகிதத்தைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் போனார். அன்றிலிருந்து அவர்களுடைய போராட்டத்தைப் பற்றிப் பட்டறையில் யாராவது கோபமாகப் பேசினால் என்னால் கூடச் சேர்ந்து பேச முடிந்ததில்லை.

நிலம் பூங்காவுக்கென்று வாங்கியது என்று நகராட்சி சொன்னது. போர்க்காலத்தில் எங்கள் கையில் இருந்த நிலத்தை 1948ல் திருப்பிக் கொடுத்தபோது, விமான நிலையமாகவே வைத்திருக்க வேண்டும் என்று எழுதித்தான் கொடுத்தோம் என்று மத்திய அரசு சொன்னது. 2017ல் சமரசம் ஆயிற்று. 4,973 அடி ஓடுபாதையை 3,500 அடியாகக் குறைத்தார்கள். 2028 டிசம்பர் 31க்குப் பிறகு நகராட்சி விரும்பினால் மூடிவிடலாம். மூடினால் அங்கே பூங்காவும் விளையாட்டுத் திடலும்தான், வேறு கட்டடம் எழுப்ப வேண்டுமென்றால் வாக்காளர்களைக் கேட்க வேண்டும் என்று 2014லேயே மக்கள் வாக்களித்துவிட்டார்கள்.

கண்காட்சிச் சாலைக்கு வெளியே ஒரு டி.சி.3 நிறுத்தி வைத்திருக்கிறார்கள். உங்கள் பிள்ளைகள் யாராவது லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் இருந்தால், அந்தத் தேதிக்குள் ஒரு சாயங்காலம் போகச் சொல்லுங்கள். கடற்காற்றை எதிர்த்துச் சின்ன விமானங்கள் மேற்கே எழும்புவதை வேலியோரம் நின்று பார்க்கலாம். பூங்கா வந்தால் வரட்டும். அந்த டி.சி.3ஐ மட்டும் அங்கேயே விட்டுவைப்பார்கள் என்றும், கை நீட்டினால் எட்டும் உயரத்தில் வைப்பார்கள் என்றும் நம்புகிறேன்.