தன்னைத் தானே புகழலாமா?



எங்களுள் பலர் பள்ளியில் படித்த நாட்களில், நூலகத்துக் கண்ணாடி அலமாரிக்குள் தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் கலைக்களஞ்சியம் பத்துத் தொகுதிகளாக வரிசையில் நின்றது. பெரியசாமித் தூரன் அவர்களை முதன்மை ஆசிரியராகக் கொண்டு, 1954 முதல் 1968 வரை வெளிவந்த நூல் அது. எந்தப் பொருளைப் பற்றி எழுதுவது, யாரைக் கொண்டு எழுதுவிப்பது என்பதை ஆசிரியர் குழுவே முடிவு செய்தது. எவரும் தம் கடையின் பெயரையோ தம் புத்தகத்தின் விலையையோ அதற்குள் நுழைத்துவிட இயலாது. வாயிலில் காவல் இருந்தது.

இன்று நாம் அன்றாடம் திறந்து பார்க்கும் கலைக்களஞ்சியத்துக்கோ அத்தகைய காவல் இல்லை. 2001ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் ஜிம்மி வேல்சும் லாரி சாங்கரும் தொடங்கிய விக்கிப்பீடியாவில், படிப்பவர் எவரும் எழுதலாம். எழுதியவர் எழுதியதை மற்றொருவர் திருத்தலாம். தமிழில் அது 2003இல் தொடங்கி, 2017இல் ஒரு இலட்சம் கட்டுரைகளைக் கடந்தது. ஊதியம் இல்லை, பட்டம் இல்லை, வேலை முடிந்து வீடு திரும்பியோர் இரவில் ஓய்வு நேரத்தில் கட்டிய மாளிகை அது. ஆயினும், திறந்த வாயிலின் வழியே அறிவு மட்டும் வருவதில்லை, விளம்பரமும் வருகிறது.

அது வரும் வழியைச் சற்று விளக்க வேண்டும். கட்டுரையின் அடியில் ‘வெளி இணைப்புகள்’ என்றொரு பகுதி உண்டு. மேலும் அறிய விரும்புவோர்க்கு வேறு நல்ல தளங்களைக் காட்டும் கைகாட்டி மரம் அது. அந்த மரத்தில் தம் பெயர்ப்பலகையையும் தொங்கவிட வேண்டும் என்ற ஆசை பலருக்கு எழுகிறது. அதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, படிப்பவர் அந்த வழியே தம் தளத்துக்கு வருவார் என்பது. மற்றொன்று, பலரும் சுட்டும் தளத்தைத் தேடுபொறிகள் உயர்ந்ததாகக் கருதி முன்னே காட்டும் என்பது. இந்த இரண்டாம் ஆசையை அறுக்கும் பொருட்டு, ஆங்கில விக்கிப்பீடியா 2007 ஜனவரியில் தன் வெளி இணைப்புகள் அனைத்துக்கும் ஒரு குறியை இட்டது. ‘இதைக் கணக்கில் கொள்ளற்க’ என்று தேடுபொறிக்குச் சொல்லும் குறி அது. அதன் பிறகும் இணைப்பு இடுவோர் குறையவில்லை. முதற் காரணம் இருக்கத்தானே செய்கிறது?

இதைப் பிறர் குற்றமாகவே பேசிவிட்டுச் செல்வது எங்களுக்கு எளிது. ஆனால் நேர்மை ஆகாது. ஏனெனில் நாங்களும் அதைச் செய்தவர்களே.

தில்லியில் மத்திய அரசுப் பணியில் மொழிபெயர்ப்பாளர்களாக இருக்கும் நாங்கள் நால்வர், அலுவலக நேரம் போக எஞ்சிய பொழுதில், ஆட்சிச் சொற்களுக்குத் தமிழ் நிகர்களைத் தொகுத்து ஒரு சிறு இணையத்தளம் அமைத்தோம். மூன்று ஆண்டு உழைப்பு அது. இலாப நோக்கம் சிறிதும் இல்லை. ஆனால் அதைப் பார்க்க வந்தவர்களோ விரல்விட்டு எண்ணத் தக்கவர்கள். ஒருநாள் மாலை எங்களுள் ஒருவர், ஆட்சிமொழி பற்றிய கட்டுரையின் அடியில் எங்கள் தளத்துக்கு ஓர் இணைப்பை இட்டார். மறுநாள் காலை அது நீக்கப்பட்டிருந்தது. மீண்டும் இட்டோம், மீண்டும் நீங்கியது. மூன்றாம் முறை இட்டபோது, ‘இது பொதுநலத் தொண்டு, அறியாமல் நீக்க வேண்டா’ என்று சற்றுக் கடுமையாகவே ஒரு குறிப்பும் எழுதினோம்.

நீக்கியவர் யாரென்று எங்களுக்குத் தெரியாது. புனைபெயருக்குப் பின்னிருந்த தன்னார்வலர் ஒருவர். அவர் பேச்சுப் பக்கத்தில் எழுதிய மறுமொழி இதுதான்: ‘வணக்கம் ஐயா. தங்கள் உழைப்பை ஐயுறவில்லை. தங்கள் தளம் பயனுடையதா என்பதைத் தாங்களே முடிவு செய்வது முறையன்று என்பதே எம் கருத்து. இணைப்பை இந்தப் பக்கத்தில் முன்மொழியுங்கள். தொடர்பில்லாத வேறொருவர் பார்த்துச் சேர்க்கட்டும். அதைவிட நன்று, தாங்கள் அறிந்த செய்தியையே தக்க சான்றுடன் கட்டுரையில் எழுதுங்கள்.’

அன்று எங்களுக்கு உண்டான சினத்தை மறைப்பதற்கில்லை. கல்லூரியில் தமிழ் இலக்கியம் படித்து, இருபது ஆண்டுகளாக அரசாணைகளை மொழிபெயர்ப்பவர்களுக்கு, முகம் தெரியாத ஒருவர் முறை கற்பிப்பதா என்று எண்ணினோம். அப்போது எங்களுள் மூத்தவர் நன்னூலை நினைவூட்டினார்.

புலவன் எத்துணைத் துறைகளில் வல்லவனாயினும், தன்னைத் தானே புகழ்வது தகாது என்பது பவணந்தி முனிவர் வகுத்த நெறி. அதற்கு நான்கு விலக்குகளையும் அவர் தருகிறார். அரசவைக்கு ஓலை விடுக்கும்போதும், தன் ஆற்றலை அறியாதாரிடையிலும், அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய பொழுதும், எதிரி தன்னைப் பழித்த காலையும் புகழ்ந்துகொள்ளலாம். ‘நம் தளத்தை யாரும் அறியவில்லையே, இரண்டாம் விலக்கு நமக்குப் பொருந்துமே’ என்றோம் நாங்கள். மூத்தவர் சிரித்தார். ‘புலவன் தன் வாயால் தன்னைப் பற்றிப் பேசுவதற்குத்தான் அந்த விலக்கு. நூலுக்குச் சிறப்புப் பாயிரம் பாடுவதைப் பவணந்தியார் யாரிடம் விட்டார்? ஆசிரியனிடமும், உடன் கற்றவனிடமும், மாணாக்கனிடமும், உரைகாரனிடமும் அல்லவா? கலைக்களஞ்சியத்தில் இடும் இணைப்பு நம் பேச்சு அன்று, அது பாயிரம். படிப்பவர் அதை நம் சொல்லாகக் கொள்வதில்லை. நடுநின்றவர் தந்த சான்றாகக் கொள்கிறார்’ என்றார்.

அவ்விடத்தில்தான் எங்கள் பிழை எங்களுக்கு விளங்கியது. கடைத்தெருவில் தம் சரக்கைக் கூவி விற்பவரை யாரும் ஏமாற்றுக்காரர் என்பதில்லை; கூவுபவர் யார் என்பது கேட்பவர்க்குத் தெரியும். நடுவர் இருக்கையில் அமர்ந்துகொண்டு தம் சரக்கைப் புகழ்வதே தவறு.

இந்தத் தவறு பெருந்தொழிலாகவும் நடந்திருக்கிறது. பணம் பெற்றுக்கொண்டு, பல பொய்ப்பெயர்களில் நிறுவனங்களுக்காகக் கட்டுரை எழுதுவோரைக் கண்டறிந்து தடுக்க வேண்டிய நிலை 2013இல் ஆங்கில விக்கிப்பீடியாவுக்கு நேர்ந்தது. 2014 ஜூன் மாதம் முதல், ஊதியம் பெற்று எழுதுவோர் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பது விதியாயிற்று. அடுத்த ஆண்டிலேயே, ஒரே கும்பலைச் சேர்ந்தவை எனக் கருதப்பட்ட 381 கணக்குகள் முடக்கப்பட்டன. நிறுவனர்களுள் ஒருவராகிய வேல்சும் தம்மைப் பற்றிய கட்டுரையைத் தாமே திருத்தியது 2005இல் வெளியாயிற்று. அது தகாத செயல் என அவரே ஒப்புக்கொண்டார். ஆசைக்கு உயர்ந்தோர், தாழ்ந்தோர் என்ற வேறுபாடு இல்லை.

ஆனால், மறுபக்கத்தையும் சொல்லாமல் விடுவது நடுநிலை ஆகாது. நீக்குவோர் எப்போதும் சரியாகவே நீக்குகிறார் என்பதில்லை. தமிழ் போன்ற மொழிகளில் ஒரு துறையை அறிந்தவரே சிலர்; அவர்கள் எழுதிய நல்ல பக்கங்களும் சில. அறிந்தவர் தம் பக்கத்தைச் சுட்டக் கூடாது, அறியாதவர்க்கு அது இருப்பதே தெரியாது என்றால், நல்லதொரு நூல் இருளிலேயே கிடக்க நேரும். இது உண்மையான இழப்பு. இதற்குப் பேச்சுப் பக்கம் ஓரளவு வழி செய்கிறது. முன்மொழிபவர் தம் தொடர்பை மறைக்காமல் சொல்லவும், பார்ப்பவர் காரணம் கூறி ஏற்கவோ மறுக்கவோ அங்கே இடமுண்டு. முன்மொழிவைப் பார்க்க ஆள் வேண்டுமே என்ற குறை மட்டும் நிற்கிறது. அந்தக் குறையைப் போக்குவது படிப்பவராகிய நம் அனைவரின் கடமையன்றோ?

எங்கள் கதையின் முடிவைச் சொல்லிவிடுகிறோம். தன்னார்வலர் சொன்னவாறு, எங்கள் தளத்திலிருந்த செய்திகளைக் கட்டுரையில் சான்றுடன் எழுத முற்பட்டோம். சான்று தேடி மூலச் சட்டத்தைப் பிரித்தபோது எங்களுக்கு வியர்த்தது. ஆட்சிமொழிச் சட்டம் இயற்றப்பட்டது 1963இல். இந்தியுடன் ஆங்கிலமும் தொடர வழிசெய்யும் அதன் மூன்றாம் பிரிவு நடைமுறைக்கு வந்தது 1965 ஜனவரி 26ஆம் நாள். இரண்டையும் குழப்பி, எங்கள் தளத்தின் முகப்பிலேயே ‘1965ஆம் ஆண்டுச் சட்டம்’ என்று எழுதி வைத்திருந்தோம். மூன்று ஆண்டுகளாக நால்வர் கண்ணிலும் அது படவில்லை. மும்முறை நாங்கள் நாட்ட முயன்ற கைகாட்டி, படிப்பவரைப் பிழையான ஊருக்கே அனுப்பியிருக்கும்.

தளத்தைத் திருத்தினோம். கட்டுரையில் மூன்று பத்திகள் எழுதினோம், அவை நிற்கின்றன. தன்னார்வலருக்கு நன்றியும் தெரிவித்தோம். எங்கள் இணைப்பைப் பேச்சுப் பக்கத்தில் முன்மொழிந்து வைத்திருக்கிறோம். இன்றுவரை எவரும் அதை எடுத்துச் சேர்க்கவில்லை. பாயிரம் பாடுவோர் வரும்வரை காத்திருப்பதே முறை என்று நாங்களும் இருக்கிறோம்.